குழந்தைகளும் கூச்சலும்

குழந்தைகளின் மழலையைக் குறித்துத் தமிழ்ப் புலவர் பாடியவற்றையெல்லாம் ஒருங்கு திரட்டினால் அஃதொரு பெருநூலாகும். குழலையும் யாழையும் அதற்குப் பின்னே நிறுத்திய வள்ளுவரைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் நெட்டுருச் செய்திருக்கிறோம். ஆயினும் அப்புலவர்களுள் எவரும் இருபத்துமூன்று மழலைகளை ஒரே சமயத்தில், ஒரே அறையில், கான்கிரீட் கூரையின்கீழ் அமர்ந்து கேட்டவராகத் தோன்றவில்லை. கேட்டிருப்பின் மக்கட்பேற்று அதிகாரத்தில் ஒரு குறளேனும் வேறுவிதமாய் அமைந்திருக்குமோ என்னவோ! பிள்ளைத்தமிழ் வகுத்தோர் மட்டும் ஒருவாறு உண்மை அறிந்தவர் என்று சொல்லலாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிறுபறை என்பதும் ஒன்றன்றோ? நடை பழகிய பிள்ளை அடுத்துச் செய்ய விழைவது ஓசை எழுப்புதலே என்பதனை இலக்கணம் வெளிப்படையாய் ஒப்புக்கொண்ட இடம் அஃதொன்றே.

சென்ற ஆண்டு ஜூன் மாதத் தொடக்கமுதல் ஆறு வாரம், நமது கல்லூரியின் களப்பணிப் பயிற்சியை முன்னிட்டு, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக்கு அணித்தாயுள்ள ஓர் அங்கன்வாடியில் நாள்தோறும் முற்பகலைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. அவ்வட்டாரத்தார் அதனை இன்றும் "பால்வாடி" என்றே வழங்குகின்றனர். ஆங்கு வரும் பிள்ளைகளின் தாய்மாருள் சிலர் சாத்தார வீதிப் பூச்சந்தையில் விடியுமுன் பூ வாங்கி நாள் முழுதும் தொடுத்து விற்போர். சிலர் சித்திரை வீதி, உத்திர வீதி இல்லங்களில் பாத்திரந் துலக்குவோர். சிலர் காவிரிப் பாலத்தைக் கடந்து காந்தி மார்க்கெட்டிற் காய்கறிக் கடை பரப்புவோர். சிலர் கட்டட வேலைக்குச் செல்லுஞ் சித்தாள்கள். "டீச்சர், இவனைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று வாயிலிலேயே பிள்ளையின் கையை விடுவித்துக்கொண்டு, அது வீரிடுமுன் தெருமுனையைக் கடந்துவிட வேண்டுமென்று ஓட்டமும் நடையுமாய் அவர்கள் செல்வதை நாடோறுங் கண்டேன். பிள்ளை அழுகையை நிறுத்தாவிடின் ஆள் அனுப்பித் தாயை அழைக்க நேரும். அழைத்தால் அன்றைய கூலி போயிற்று. எனவே, அவ்வறையின் இரைச்சல் காதிற்கு நோவு என்ற அளவில் நின்றுவிடும் விஷயமன்று. சில குடும்பங்களின் இரவு உணவே அதனோடு பிணைந்திருந்தது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களிற் சோதனையாகத் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டிலோ, 1982 ஜூலை 1-ஆம் நாள், இதே திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் அந்நாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, இரண்டு வயதுக் குழந்தைகளும் அதன் பந்தியில் இடம் பெற்றனர். இன்று இம்மாநிலத்தில் 54,000-க்கு மேற்பட்ட மையங்கள் உள்ளன. பிள்ளைகளின் எடை, உயரம், உண்ட முட்டை, போட்ட ஊசி எல்லாவற்றிற்கும் பதிவேடு உண்டு. யான் புரட்டிப் பார்த்த ஏடுகளுள் ஓசைக்கென்று ஒரு பத்தியும் இல்லை.

இரைச்சல் என்று பொதுப்படச் சொல்லுகிறோமேயன்றி, அதனுள்ளும் வகைகள் பல. ஜூன் மாதத்தது புதுப்பிள்ளைகளின் அழுகை. அஃது ஒருவகைத் தொற்று. ஒரு பிள்ளை "அம்மா" என்று தொடங்கியதும், அதுவரை களிமண்ணுருண்டையில் ஆழ்ந்திருந்த மற்றொன்றும் தனக்கும் ஓர் அம்மா உண்டென்பதை நினைவுகூர்ந்து உடன் சேரும். இரண்டாவது உடைமைப் பூசல். அம்மையத்தில் ஆடும் மரக்குதிரை ஒன்றே உண்டு, ஏறுவோர் இருபத்துமூவர். மூன்றாவது எவர்சில்வர்த் தட்டின் ஓசை. உணவு வருமுன் தட்டு கைக்கு வந்துவிடின், பசித்த பிள்ளை அதனைத் தரையில் தட்டாமல் இருத்தல் இயற்கைக்கே மாறானது. நான்காவதுதான் எனக்குப் பெரிதும் வியப்பளித்தது, காரணமேயில்லாத கீச்சொலி. ஒரு மூன்று வயதுப் பயல் அறையின் நடுவில் நின்று, கண்களை மூடி, தன் குரல் எத்துணை உயரம் செல்லுமென்று சோதிப்பவன் போல வீரிடுவான். பின்பு அஃது எதிர்ச்சுவரிற் பட்டுத் திரும்புவதைக் கேட்டு மகிழ்ந்து சிரிப்பான். அவனைத் தீயவன் என்பார் அறியாதார். அவன் ஆராய்ச்சியாளன், நமக்குத்தான் அவன் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பொறுமை இல்லை.

இனி, அவ்வொலி ஏன் அத்துணைப் பெரிதாகிறதென்று பார்ப்போம். 1911-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மருத்துவர் எத்தியன் லொம்பார் என்பவர், சுற்றிலும் ஓசை மிகுந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகின்றான் என்பதை எடுத்துக்காட்டினார். வைகுண்ட ஏகாதசி நாளில் அரங்கன் கோயில் வாயிலில் இருவர் உரையாடுவதைக் கேட்டோர்க்கு இதற்குச் சான்று வேண்டுவதில்லை. ஒரு பிள்ளை தன் சொல் கேட்கப்படும்பொருட்டுக் குரலை உயர்த்த, அயலிலுள்ளது அதற்குமேல் உயர்த்த, ஆசிரியை இரண்டிற்கும் மேலே உயர்த்த, படிப்படியாய் அறை ஏறிக்கொண்டே செல்லும். மைய ஆசிரியை லொம்பாரைக் கேள்விப்பட்டவரல்லர். எனினும் முதல் நாளே என்னிடம், "நான் கத்தினா, அதுக்கு மேலே கத்தணும்னு இதுங்க நினைக்கும், தம்பி" என்றார்.

மற்றொரு காரணம் கட்டடம். பூசிய சுவர், சிமெண்டுத் தரை, கான்கிரீட் கூரை ஆகிய மூன்றும் ஒலியை விழுங்குவனவல்ல. பந்தெறிவதுபோல் ஒன்றுக்கொன்று எறிவன. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாய்க் கட்டிய விரிவுரைக் கூடமொன்றில் பேச்சே விளங்காமற்போக, வாலஸ் சாபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் அக்குறையைத் தீர்க்கும்படி ஒப்படைத்தனர். அவர் வேறோர் அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அங்கே பரப்பிப் பார்த்தார். ஐந்து வினாடிக்குமேல் நின்று முழங்கிய ஒலி ஏறத்தாழ ஒரு வினாடிக்கு இறங்கிற்று. நம் ஆசிரியை செய்ததும் இதுவே. மெத்தைக்கு மாறாகக் கோரைப்பாய். தரை முழுவதும் இருமடியாகப் பாய் விரித்து, சுவரோரம் கொடி கட்டிப் பழைய பருத்திப் புடைவைகளைக் கொசுவித் தொங்கவிட்டிருந்தார். நண்பர் சிலரும் யானும் எங்கள் இல்லங்களிலிருந்து ஒன்பது புடைவைகள் திரட்டிக் கொடுத்தோம். முட்டை வரும் அட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டினால் ஒலி அடங்கும் என்று நண்பரொருவர் யோசனை கூறினார். ஆசிரியை கேட்டுவிட்டு, "கரப்பான்தான் வரும்" என்று மறுத்துவிட்டார். அந்த அட்டை மிக மெல்லியதாகையால் ஒலியையும் அவ்வளவாக விழுங்காது என்று பின்னர்ப் படித்தறிந்தேன்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாதிருக்க முடியவில்லை. அங்கன் என்னும் வடநாட்டுச் சொல்லுக்கு முற்றம் என்பது பொருள். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் முற்றத்தைக் கண்டோர் அறிவர். எத்தனை பேரப்பிள்ளைகள் கூடிக் கூவினாலும் ஓசையிற் பெரும்பகுதி வானத்தை நோக்கிப் போய்விடும். முற்றத்தின் பெயரைத் தாங்கிய நிலையத்திற்கு நாம் கட்டிக் கொடுப்பதோ நாற்புறமும் அடைத்த பெட்டி! உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபெலையும், சிறு பிள்ளைகள் பகலில் உறங்கும் அறையினது 30 டெசிபெலையும் மிஞ்சலாகாது என்கிறது. சாதாரண உரையாடலே 60 டெசிபெல் அளவினது. அதனைப் படித்தபின் அம்மையத்தின் கதவருகே நின்று கேட்டவன் சிரிப்பானா அழுவானா என்று யான் சொல்ல வேண்டுவதில்லை.

ஆசிரியையின் வழிகளை இனிக் கூறுவேன். குரலை உயர்த்தவேண்டிய தருணத்தில் அவர் தாழ்த்துவார். பிள்ளைகளின் நடுவே பாயிலமர்ந்து, அருகிலிருக்கும் இரண்டொருவர்க்கு மட்டும் கேட்குமாறு ஒரு கதையைத் தொடங்குவார், "ஒரு காக்கா... அதுக்கு ஒரு மூக்குத்தி கிடைச்சுதாம்" என்பார். மூக்குத்தி என்ற சொல் எட்டியவரைக்கும் அமைதி எட்டும். எட்டாதவர் எழுந்து கிட்ட வருவர். தட்டைப் பிள்ளைகளின் கையில் முன்னதாகக் கொடுப்பதை அவர் அறவே நிறுத்திவிட்டார். சோற்றைப் பரிமாறிய தட்டையே உதவியாளர் அம்மையார் கொணர்ந்து வைப்பார். சோறுள்ள தட்டைத் தட்டுவார் யாருமிலர், அளைவார் உண்டு. (பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் 188-ஆம் பாட்டிற் பாடிய பிள்ளை அளைந்தது நெய்ச்சோறு; இங்கே சாம்பார் சாதம். வேறுபாடு அவ்வளவே.) வீரிடும் ஆராய்ச்சியாளனை மட்டும் வேறுவகையில் நடத்தினார். நாளுக்கு இருமுறை பிள்ளைகளனைவரையும் வெளியிலுள்ள புங்கமரத்தடிக்கு அழைத்துச் சென்று, "இப்ப எல்லாரும் கத்துங்க" என்று தாமே கட்டளையிடுவார். தடையற்ற கூச்சல் ஐந்து நிமிடத்திற் சலித்துப்போகும் என்பதை ஆங்குக் கண்டேன்.

மற்றுமொரு வழி பெரிய பிள்ளைகளுக்குப் பதவி கொடுத்தல். ஐந்து வயது நிரம்பும் நிலையிலிருந்த நால்வர் குடிநீர்க்காரர், செருப்படுக்குவோர், பாய் விரிப்போர் எனப் பெயர் பெற்றிருந்தனர். புதிதாய் வந்து அழும் பிள்ளைக்குக் கைபிடித்துத் துணையிருப்பவன் ஒருவன். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை இவர்களின் மூதாதை. 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் விடுதிக்குத் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்பார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, மூத்த சிறுவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார்; 1797-இல் அதனை நூலாக்கி இங்கிலாந்தில் வெளியிட, அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. திண்ணைப் பள்ளியின் நன்மையைச் சொல்லும்போது அதன் கோதண்டத்தையும் மறத்தல் ஆகாது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டு வாங்கிய அமைதி அது. பிரம்பினால் ஓர் அறையை ஒரு நொடியில் அடக்கிவிடலாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வடக்கத்தினுள் எந்தப் பிள்ளைக்கு என்ன நோவு என்பதை அப்பாற் கண்டறிதல் அரிது. இதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

ஆசிரியையின் கலைகள் யாவும் தோற்கும் வேளை ஒன்றுண்டு. அது கைப்பேசியை அவர் கையிலெடுக்கும் வேளை. 2021 முதல் பிள்ளைகளின் வருகையும் உணவும் எடையும் "போஷன் டிராக்கர்" என்னும் செயலியில் ஏற்றப்பட வேண்டியுள்ளன. இணைப்போ வரும், போகும். ஆசிரியையின் கண்கள் திரையிற் பதிந்த மறுகணமே, குளத்தில் கல்லெறிந்தாற்போல் அறையில் அலை எழும். பிள்ளைகள் ஓசையிடுவது பெரும்பாலும் ஒரு முகம் தம்மை நோக்கித் திரும்பவேண்டும் என்பதற்கே. அம்முகம் அரசாங்கத்திற்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் என் செய்வர்? கணக்கு வேண்டாமென்று யான் கூறவில்லை. அதற்கொரு தனி ஆள் வேண்டும் என்றே கூறுகிறேன்.

மரியா மாண்டிசோரி அம்மையாரை இங்கே குறிப்பிடல் பொருந்தும். 1907 ஜனவரி 6-ஆம் நாள் உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த அவர், 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டு, இத்தாலியராகையால் நாடு திரும்ப இயலாதவராய், கொடைக்கானலிலுஞ் சில காலம் தங்கிப் பணியாற்றினார். இன்று நம் நகரில் தில்லைநகர் முதலாய இடங்களில் அவர் பெயர் தாங்கிய பலகைகள் மலிந்திருக்கின்றன. அவர் தொடங்கியது கூலிக்காரர் பிள்ளைகளுக்கு என்பதைப் பலகைகள் சொல்வதில்லை. ஒருமுறை அவர் நான்கு மாதக் கைக்குழந்தையொன்றை ஏந்திவந்து தம் மாணாக்கர்க்குக் காட்டி, இஃது எத்துணை அசைவின்றி இருக்கிறது, இதன் மூச்சு எத்துணை மெல்லியது, உங்களால் இவ்வாறு இருக்க முடியுமா என்று கேட்டாராம். பிள்ளைகள் மூச்சடக்கி முயல, அதுவரை செவிக்கு எட்டாதிருந்த சிற்றொலிகள் எட்டின. இதனினின்றும் பிறந்ததே அவருடைய மௌன விளையாட்டு. அடக்குதல் அங்கே இல்லை, கேட்டலே நோக்கம்.

நம் ஆசிரியையும் ஏதோ ஒரு பயிற்சி முகாமில் இதனைக் கற்று, தம் போக்கிற்கு மாற்றி ஆடிவந்தார். உணவிற்கு முன் பிள்ளைகளனைவரும் கண்களைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஓசை ஏதேனுங் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பிறகு இன்னதென்று சொல்ல வேண்டும். கொள்ளிடப் பாலத்தில் விழுப்புரம் மார்க்கமாய்ச் செல்லும் இரயிலை எல்லாரும் சொல்லிவிடுவர். கோயில் மணி, மாவரைக்கும் இயந்திரம், அயல் வீட்டுக் குக்கர், காகம் ஆகியவற்றைச் சிலர் சொல்வர். "ஆயாம்மா வளையல்" என்று ஒரு நாள் ஒரு சிறுவன் சொன்னபோது, எனக்கே அவ்வோசை அதன்பின்புதான் கேட்டது. இவ்விளையாட்டு நடக்கும் மூன்று நான்கு நிமிடமும் அறை கோயிற் கருவறையை ஒத்திருக்கும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் ஆசிரியை என்னை அருகழைத்து, "குட்டிம்மாவைப் பாருங்க தம்பி" என்று மெல்லச் சொன்னார். குட்டிம்மா என்பது மூன்றரை வயதுப் பெண் குழந்தையொன்றிற்கு எல்லாரும் வழங்கிய செல்லப்பெயர். அவள் பூத்தொடுப்பவர் மகள். இரைச்சலைப் பற்றிய பேச்சில் அவள் பெயர் ஒருநாளும் அடிபட்டதில்லை. அழமாட்டாள், பூசலிடமாட்டாள், சொன்னபடி இருப்பாள். "தங்கமான பிள்ளை" என்று உதவியாளர் அம்மையார் அடிக்கடி மெச்சுவார். விளையாட்டின்போது யான் அவளை நோக்கினேன். ஏனையோர் கண்களை இறுகப் பொத்தியிருக்க, அவள் மட்டும் விரலிடுக்கின் வழியே மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கையைத் தூக்கியதும், அரைநொடி கழித்து அவளும் தூக்கினாள். இரயில் பாலத்தில் ஏறியபோது எல்லாரும் தூக்கினர். அவளும், அரைநொடி கழித்து. அன்று பிற்பகல் அவள் தனித்திருக்கும்போது, பின்புறம் சற்றுத் தொலைவில் நின்று ஆசிரியை இரண்டு பாத்திர மூடிகளைத் தட்டினார். புங்கமரத்துக் காகங்கள் பறந்தன. குழந்தை தன் களிமண் உருண்டையிலிருந்து நிமிரவில்லை.

ஆசிரியைக்கு ஐயம் முன்னமே இருந்ததாம். "மத்த பிள்ளைங்க சத்தத்திலே காதைப் பொத்தும். இவ ஒரு நாளும் பொத்தினதில்லே" என்றார். இரைச்சல் ஓயாத அறையில் அமைதியான பிள்ளையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதட்டலுக்கு அஞ்சி அனைவரும் ஊமையாய் அமர்ந்த அறையிலோ ஒரு பிள்ளையின் ஊமைத்தன்மை தெரிவதேயில்லை. கேட்டற்கென்றே உண்டாக்கிய மூன்று நிமிட அமைதியில்தான் அவள் தென்பட்டாள்.

தாயிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. பாட்டியார், "இவ அப்பனும் நாலு வயசுலேதான் வாயைத் திறந்தான்" என்று முடித்துவிட்டார். இவ்வொரு வாக்கியத்தால் நம் நாட்டில் எத்தனை பிள்ளைகளின் ஆண்டுகள் வீணாகின்றன என்று எண்ணிப் பார்க்க அச்சமாயிருக்கிறது. பேச்சுக்குரிய மூளையின் வளர்ச்சி முதற் சில ஆண்டுகளிலேயே விரைந்து நடைபெறுகிறது. ஒலி புகாத காதின் வழியே சொல் புகாது. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றனர். அவர்கள் வரும் நாள்வரை காத்திராமல், ஆசிரியை அரைநாள் விடுப்பெடுத்து, அன்றைய கூலியை இழந்த தாயையும் உடனழைத்துக்கொண்டு, ஒன்றாம் எண் பேருந்திலேறிப் புத்தூர் அரசு மருத்துவமனைக்குச் சென்றார். முதற் சோதனைக்குப்பின், உறங்கும் குழந்தையின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளைத்தண்டு ஒலிக்கு மறுமொழி தருகின்றதா என்று பார்க்கும் சோதனைக்கு நாள் குறித்தனர். உறங்க வேண்டுமென்பதற்காக முதல் நாளிரவு அவளை வெகுநேரம் விழித்திருக்கச் செய்ய வேண்டியிருந்தது. தாய் அவளோடு பூத்தொடுத்தபடியே விழித்திருந்தாராம்.

இரு காதுகளிலும் கேள்விக்குறை மிகுதி என்று தெரியவந்தது. முதலிற் செவிக்கருவிகள் அணிவித்துச் சில மாதம் பார்ப்பது வழக்கம். அவை போதாவிடின் உட்காதில் மின்கருவி பதிக்கும் சிகிச்சையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைகட்குக் கட்டணமின்றிச் செய்கின்றனர். அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டிற்குமேல் உண்டு. ஓராண்டு கழித்துக் கண்டிருந்தால் என்னும் எண்ணத்தை அத்தாய் தம் வாயால் ஒருமுறை சொன்னார், மறுமுறை சொல்லவில்லை.

களப்பணி முடிந்த பின்னரும் யான் அவ்வப்போது அங்குச் செல்வதுண்டு. செவிக்கருவியுடன் குட்டிம்மா மையத்திற்கு வந்த முதல் நாளில், காலைக் கூச்சலில் அவள் அலறிக் கருவிகளைப் பிடுங்கியெறிந்துவிட்டாள் என்று கேள்வியுற்றேன். அக்கருவி தாயின் சொல்லைப் பெருக்குவதுபோலவே தட்டின் ஓசையையும், மரக்குதிரைச் சண்டையையும் பெருக்கும். அவளுடைய மூளைக்கு அவற்றைப் பிரித்தறியும் பழக்கம் இல்லை. முன்னரேனும் அமைதி விரும்பத்தக்க பொருளாக இருந்தது. இப்பொழுது அது மருந்தாயிற்று. ஆசிரியை அவளுக்குப் புடைவைத் திரைகளின் ஓரத்தில் ஒரு மூலை ஒதுக்கி, ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளை மட்டும் அங்கு அனுப்பினார். செருப்படுக்கும் பதவியிலிருந்த சிறுவன், அவளிடம் பேசுமுன் எதிரே வந்து முகங்காட்டி நிற்க வேண்டுமென்பதை எவரும் கற்பியாமலே கண்டுகொண்டான். கிராப்பட்டியிலுள்ள ஓர் அன்பர் பத்துக் கோரைப்பாய்கள் அனுப்பினார். பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் செல்லவேண்டியிருப்பதால் தாய் பூச்சந்தை வேலையை அந்நாளில் தம் தங்கையிடம் ஒப்படைக்கிறார். தங்கை தொடுக்கும் சரம் நெருக்கம் போதாதென்று வாடிக்கைக்காரர் குறை கூறுகிறார்களாம்.

சென்ற திங்கட்கிழமை யான் போனபோது உணவு வேளை. சோறு பரிமாறிய தட்டுகள் வரிசையாய் வந்துகொண்டிருந்தன. குட்டிம்மா உண்டு முடித்த தட்டைக் கவிழ்த்துவைத்து, கரண்டியால் ஒருமுறை தட்டினாள். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். மறுமுறை தட்டினாள். பக்கத்திலிருந்த பயல் தன் தட்டையும் கவிழ்த்தான். உதவியாளர் அம்மையார் வழக்கம்போல் தட்டுகளை வாங்க எழுந்தார். "இருக்கட்டும்கா, கொஞ்ச நேரம்" என்றார் ஆசிரியை.